கேபிள் இணையமும் வீட்டு ஆய்வுக்கூடமும்

அறிவை மனிதன் இரு வழிகளில் பெறுகின்றான். நூல்களைக் கற்றுப் பெறுவது ஒன்று. தன் கையால் செய்து பார்த்துப் பெறுவது மற்றொன்று. நீந்தும் முறையை ஏட்டில் எத்துணை முறை படித்தாலும், ஆற்றில் இறங்காதவனுக்கு நீச்சல் வாராது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கலையும் இத்தகையதே. ஆதலின், அக்கலையில் ஆர்வமுள்ள இளைஞர் பலர் தம் வீட்டின் ஒரு மூலையில் பழைய கணினிகள் இரண்டொன்றையும், ரௌட்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டு, பலவகையான சோதனைகளைச் செய்து பார்க்கின்றனர். இதனை வீட்டு ஆய்வுக்கூடம் என்று கூறலாம்.

ஆய்வுக்கூடம் தவறு செய்து திருத்திக் கற்கும் இடமாகும். ஆனால் வீடு அத்தகையதன்று. தந்தையின் அலுவலகப் பணியும், தங்கையின் பாடமும், வெளியூரில் வாழும் அண்ணனோடு தாய் உரையாடுவதும் இன்று ஒரே இணைய இணைப்பை நம்பியிருக்கின்றன. கற்பவன் செய்யும் சோதனையால் அவ்விணைப்பு அறுந்தால், வீட்டார் அனைவரும் துன்புறுவர். ஆகவே, ஒரே இணைப்பை வீட்டிற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காத வண்ணம் பகிர்ந்தளிப்பது எங்ஙனம் என்பதை அறிதல் வேண்டும். கேபிள் வழியாக வரும் இணையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்குக் காண்போம்.

கேபிள் முதலில் இணையத்திற்காகத் தோன்றியதன்று. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்லும் இயல்புடையவை. மலை குறுக்கிட்டால் அவை தடைப்படும். 1940-களின் இறுதியில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா, ஒரிகன் ஆகிய மாநிலங்களில், மலைகளுக்கு இடையே அமைந்த சிற்றூர்களில் வாழ்ந்தோர் தொலைக்காட்சிப் படம் தெளிவாகத் தெரியாமல் இடர்ப்பட்டனர். அப்பொழுது சிலர் உயரமான இடத்தில் ஆன்டெனா ஒன்றை நாட்டி, அதில் கிடைத்த அலைகளைக் கம்பி வழியாக வீடுதோறும் கொண்டு சென்றனர். கேபிள் தொலைக்காட்சி இவ்வாறு பிறந்தது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் இணையம் பரவலாயிற்று. வீட்டு வாயில்வரை ஏற்கெனவே கம்பி வந்து நிற்கும்போது, அதன் வழியே இணையச் செய்திகளையும் அனுப்பினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டது. ஒருவர் செய்த கருவி மற்றொருவர் அமைத்த கம்பியில் இயங்கவில்லை. இக்குறையை நீக்க, அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் 1988-இல் நிறுவிய கேபிள்லேப்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம், 1997-இல் டாக்சிஸ் என்னும் பொது விதித்தொகுப்பை வெளியிட்டது. எந்தத் தொழிற்சாலையின் மோடமாயினும் அவ்விதிக்கு உட்பட்டிருந்தால் எந்தக் கம்பியிலும் இயங்கும் நிலை அதனால் ஏற்பட்டது. பின்னர் 2006, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அதன் புதிய பதிப்புகள் வேகத்தைப் பன்மடங்கு உயர்த்தின.

இனி அக்கம்பியின் அமைப்பைக் காண்போம். அதன் நடுவில் செம்பு முதலிய உலோகத்தாலான மையக் கம்பி ஒன்று உண்டு. அதனைச் சுற்றி மின்கடவாப் பொருள் ஒன்று உறைபோல் அமைந்திருக்கும். அதற்கு மேல் உலோக வலை. அதற்கும் மேல் பிளாஸ்டிக் உறை. வெளியிலிருந்து வரும் அலைகள் உள்ளே புகாமலும், உள்ளே ஓடும் அலைகள் வெளியே கசியாமலும் அவ்வலை காக்கின்றது. இவ்வொரே கம்பியில் வெவ்வேறு அதிர்வெண்களில் பல அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலவாமல் ஓடுகின்றன. அமெரிக்க முறையில் ஒரு தொலைக்காட்சி வரிசைக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்கப்பட்டுள்ளது. இணையத்திற்கும் அத்தகைய வரிசைகளையே பயன்படுத்தினர். வீட்டிற்கு வரும் செய்திகளுக்குப் பல வரிசைகளையும், வீட்டிலிருந்து செல்லும் செய்திகளுக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய பகுதியையும் ஒதுக்குவது நெடுங்காலம் வழங்கிய முறையாகும். கேபிள் இணையத்தில் ஒரு படத்தைப் பெறும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் பெரும்பாலும் குறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மற்றோர் உண்மையையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. இக்கம்பி ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. தெருவிலுள்ள பல வீடுகளுக்குப் பொதுவானது. ஏரிக்கால்வாய் ஒன்றிலிருந்து பல வயல்களுக்கு நீர் பாய்ச்சுவோர், இன்னார்க்கு இன்ன நேரம் என்று முறை வைத்துக்கொள்வதை நாம் அறிவோம். முறை தவறி இருவர் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் பூசல் விளையும். அதுபோலவே, கேபிளில் செய்தி அனுப்பும் மோடங்களும் முறை வைத்தே பேசுகின்றன. கேபிள் நிறுவனத்தின் நிலையத்திலுள்ள தலைமைக் கருவி, எந்த மோடம் எந்த நொடித்துளியில் பேசலாம் என்பதை வகுத்துக் கொடுக்கின்றது. மாலை வேளையில் தெருவார் அனைவரும் ஒருங்கே படம் காணத் தொடங்கினால் வேகம் குறைவதும் இப்பொதுமையால் விளைவதே.

மோடத்தின் பணி யாது? கேபிளில் ஓடும் அலைகளைக் கணினி அறியும் எண்களாகவும், கணினி தரும் எண்களை அலைகளாகவும் மாற்றுவதே அதன் பணி. மின்சாரம் கொடுத்த உடனே அது வேலைக்கு வந்துவிடுவதில்லை. முதலில் தனக்கு வர வேண்டிய அலைவரிசையைத் தேடிப் பிடிக்கும். பின்னர்த் தலைமைக் கருவியோடு பேசி, எவ்வளவு வலிமையோடும் எந்த நேரக் கணக்கோடும் அலைகளை அனுப்ப வேண்டும் என்பதைச் சரிசெய்துகொள்ளும். அதன்பின் தனக்கென ஒரு முகவரியைப் பெறும். இறுதியாக, நிறுவனத்திடமிருந்து சிறு கோப்பு ஒன்றைப் பெற்று, அதிற் கண்டவாறு நடக்கும். இவ்வீட்டிற்கு இவ்வளவு வேகம் என்பதும், இதனோடு இத்தனை கருவிகளே நேராக இணையலாம் என்பதும் அக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இவையெல்லாம் முடியச் சில நிமிடங்கள் ஆகலாம். பொறுமையின்றி இடையில் மின்சாரத்தை நிறுத்துபவன் அதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்கின்றான்.

பெரும்பாலான வீடுகளில், மோடத்தோடு நேராக இணையும் ஒரே ஒரு கருவிக்கே நிறுவனம் இணைய முகவரியை வழங்குகின்றது. ஏன் இத்தகைய சிக்கனம் என்று கேட்கலாம். நெடுங்காலமாக வழங்கும் இணைய முகவரி 32 இரும எண்களால் ஆனது. அம்முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலக மக்களின் தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. வட்டார அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க உலகப் பொது இருப்பில் இருந்த முகவரிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ந்துபோயின. ஆயினும் வீடுதோறும் பத்துக் கருவிகள் இணையத்தில் உலவுகின்றனவே, அஃது எவ்வாறு இயலும்? இவ்விடத்திலேதான் ரௌட்டர் வருகின்றது. தமிழில் இதனைத் திசைவி என்றும் வழங்குவர்.

மாணவர் விடுதி ஒன்றை எண்ணிப் பாருங்கள். விடுதிக்குக் கதவெண் ஒன்றே. உள்ளே அறைகள் பல. மாணவன் ஒருவன் வெளியூருக்கு மடல் எழுதுகின்றான். விடுதிக் காப்பாளர் அதன்மீது விடுதியின் கதவெண்ணையும் ஒரு வரிசை எண்ணையும் இட்டு, அவ்வரிசை எண் இன்ன அறைக்கு உரியது என்று தம் ஏட்டில் குறித்துக்கொண்டு அனுப்புகின்றார். மறுமொழி வரும்பொழுது ஏட்டைப் பார்த்து உரிய அறையில் சேர்க்கின்றார். ஏட்டில் இல்லாத எண்ணோடு வரும் மடலை அவர் உள்ளே விடுவதில்லை. ரௌட்டர் செய்யும் வேலையும் இதுவே. வெளியே ஒரே முகவரி. உள்ளே பல முகவரிகள். 1994-இல் விளக்கியுரைக்கப்பட்ட இம்முறையே முகவரிப் பஞ்சத்தைப் பல்லாண்டுகள் தள்ளிப்போட்டது. வீட்டினுள் வழங்குவதற்கென்று 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று முகவரித் தொகுதிகள் 1996-ஆம் ஆண்டின் விதியில் ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளன. இவை எந்த வீட்டிலும் வழங்கலாம். பொது இணையத்தில் வழங்கா.

ரௌட்டர் செய்யும் பணி மற்றொன்றும் உண்டு. புதிதாக வந்த கணினி, "எனக்கு முகவரி தருவார் உளரோ?" என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். ரௌட்டர், "இம்முகவரியைக் கொள்க" என்னும். "அதனையே கொள்கின்றேன்" என்று கணினி சொல்ல, "ஆகுக" என்று ரௌட்டர் உறுதி கூறும். இம்முகவரி என்றென்றைக்கும் உரியதன்று. குறித்த காலத்திற்குக் குத்தகையாகக் கொடுக்கப்படுவதே. காலம் முடியுமுன் கணினி அக்குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் கேபிள் நிறுவனத்திடமிருந்து ரௌட்டர் தனக்கு முகவரி பெறுவதும் பெரும்பாலும் இம்முறையாலேயே.

இனி, இணைக்கும் வகையை ஆராய்வோம். ஆய்வுக்கூடத்து ரௌட்டரை இரண்டு இடங்களில் வைக்கலாம். மோடத்திற்கு அடுத்து நேராக வைப்பது ஒன்று. வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் வைப்பது மற்றொன்று.

முதல் வகையைக் காண்போம். கேபிள் மோடத்தில் திருகும் இடம் இறுக்கமாக உள்ளதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். வழியில் கம்பியை இரண்டாகப் பிரிக்கும் சிறு பெட்டி இருப்பின், அஃது ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்குச் சற்றுக் குறைந்த ஆற்றலையே தரும் என்பதை அறிந்து, தேவையற்றதாயின் நீக்கிவிடுதல் நன்று. பின்னர் ஈதர்நெட் கம்பி ஒன்றினால் மோடத்தை ரௌட்டரின் வெளிவாயிலோடு இணைத்தல் வேண்டும். பெரும்பாலான ரௌட்டர்களில் இவ்வாயில் 'வேன்' என்று குறிக்கப்பட்டுத் தனியே அமைந்திருக்கும். 'லேன்' என்று குறிக்கப்பட்டவை உள்வாயில்கள். முதலில் மோடத்திற்கு மின்சாரம் கொடுத்து, அதன் இணைய விளக்கு நிலையாக ஒளிரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே ரௌட்டருக்கு மின்சாரம் கொடுத்தல் முறையாகும்.

இவ்வாறெல்லாம் செய்தும் சில வேளைகளில் ரௌட்டர் முகவரி பெறாது நிற்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. உலகிலுள்ள ஒவ்வொரு வலைக் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 இரும எண்களால் ஆன அடையாள எண் ஒன்று இடப்படுகின்றது. மோடம் தன்னோடு முதலில் பேசிய கருவியின் அடையாள எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வேறொரு கருவியை ஏற்க மறுப்பது உண்டு. நேற்றுவரை கணினியை நேராக இணைத்திருந்து, இன்று அவ்விடத்தில் ரௌட்டரை மாட்டினால், மோடம் அதனை அந்நியனாகவே கருதும். இதற்கு மருந்து எளியது. மோடத்தின் மின்சாரத்தை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து மீண்டும் கொடுத்தால், அது பழைய நினைவை விட்டுப் புதிய கருவியை ஏற்றுக்கொள்ளும். பழுதில்லாத ரௌட்டரைப் பழுதென்று எண்ணி மாற்றுவோர் இச்சிறு செய்தியை அறியாதவரே.

இக்காலத்தில் கேபிள் நிறுவனங்கள் பல, மோடமும் ரௌட்டரும் ஒன்றாய் அமைந்த பெட்டியையே தருகின்றன. அதன்பின் நம் ரௌட்டரை மாட்டினால், விடுதிக்குள் விடுதிபோல, முகவரி மாற்றம் இருமுறை நிகழும். வலைப்பக்கம் காண்பதற்கு இதனால் இடையூறு பெரிதும் இல்லை. ஆயினும், வெளியிலிருந்து நம் கருவியை அடைய வேண்டிய சோதனைகளுக்கு இஃது இடைஞ்சலாகும். பெட்டியின் ரௌட்டர் வேலையை நிறுத்தி, அதனை மோடமாக மட்டும் இயங்கச் செய்யும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதனைப் 'பிரிட்ஜ் மோட்' என்பர். அவ்வாறு மாற்றியபின் வீட்டார் அனைவருக்கும் இணையம் தரும் பொறுப்பு நம் ரௌட்டரையே சாரும் என்பதை மறத்தல் ஆகாது. அதில் நாம் செய்யும் ஒவ்வொரு தவறும் வீடு முழுவதையும் தாக்கும்.

ஆதலின், புதிதாகக் கற்போர்க்கு இரண்டாம் வகையே ஏற்றது. வீட்டு ரௌட்டர் இருந்தபடியே இருக்கட்டும். அதன் உள்வாயில் ஒன்றிலிருந்து கம்பி எடுத்து, ஆய்வுக்கூடத்து ரௌட்டரின் வெளிவாயிலில் செருகினால் போதும். ஆய்வுக்கூடத்தில் எது கெட்டாலும் வீட்டிற்கு ஊறு பெரும்பாலும் நேராது. எனினும் மூன்று செய்திகளில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, வாயில் மாறலாகாது. கம்பியை வெளிவாயிலுக்குப் பதிலாக உள்வாயிலில் செருகிவிட்டால், வீட்டில் முகவரி வழங்குவோர் இருவர் ஆகிவிடுவர். வீட்டுக் கருவிகளிற் சில ஆய்வுக்கூடத்து ரௌட்டரிடம் முகவரி பெற்று, இணையத்திற்கு வழி தெரியாமல் நிற்கும். சில நன்றாகவும் சில கெட்டும் இருப்பதால், பிழை எங்கே என்று கண்டறிவதும் அரிதாகும்.

இரண்டாவது, இரு ரௌட்டர்களும் ஒரே முகவரித் தொகுதியை வழங்கலாகாது. வீட்டு ரௌட்டர் 192.168.1 என்று தொடங்கும் தொகுதியை வழங்கினால், ஆய்வுக்கூடத்து ரௌட்டருக்கு 10.20.30 என்று தொடங்கும் வேறொரு தொகுதியைக் கொடுத்தல் வேண்டும். அடுத்தடுத்த இரு தெருக்களுக்கு ஒரே பெயர் இட்டால் அஞ்சற்காரர் திகைப்பார் அன்றோ? உள்ளும் புறமும் ஒரே தொகுதியாயின், செய்தி எப்பக்கம் செல்ல வேண்டும் என்று அறியாமல் ரௌட்டரும் திகைக்கும்.

மூன்றாவது, காவல் ஒருபுறமே உள்ளது என்பதை உணர்தல் வேண்டும். வீட்டுக் கருவிகள் ஆய்வுக்கூடத்தினுள் தாமாக நுழைய இயலாது. ஆனால், ஆய்வுக்கூடத்துக் கணினிகள் வெளியே செல்லும் வழி வீட்டு வலையின் ஊடே செல்வதால், அவை வீட்டுக் கருவிகளை எட்ட முடியும். சோதனைக்காக நாம் ஏற்றிய தீய நிரல் ஒன்று அவ்வழியே பரவவும் கூடும். ஆகவே, வீட்டு முகவரித் தொகுதியை நோக்கிச் செல்லும் செய்தி எதனையும் விடலாகாது என்னும் தடை விதியை ஆய்வுக்கூடத்து ரௌட்டரில் எழுதி வைத்தல் வேண்டும். இணையத்திற்குச் செல்லும் செய்திகளை அவ்விதி தடுப்பதில்லை.

இணைத்தபின் சோதித்தல் வேண்டும். மருத்துவர் நோயாளியை முறையாக ஆராய்வதுபோல, அருகிலிருந்து தொலைவு நோக்கிப் படிப்படியாகச் செல்லுதல் அறிவுடைமை. 'பிங்' என்னும் கட்டளை, குறித்த முகவரியிலிருந்து மறுமொழி வருகின்றதா என்று கேட்டுச் சொல்லும். முதலில் ஆய்வுக்கூடத்து ரௌட்டரைக் கேட்க வேண்டும்; மறுமொழி வாராவிடின் பிழை நம் அறையிலேயே உள்ளது. அடுத்து வீட்டு ரௌட்டரைக் கேட்க வேண்டும். மேற்கூறிய தடை விதி அக்கேள்வியைத் தடுக்காதிருந்தும் மறுமொழி வாராவிடின் பிழை இரு ரௌட்டர்களுக்கும் இடையே உள்ளது. அதன்பின் 8.8.8.8 போன்ற ஒரு பொது முகவரியைக் கேட்க வேண்டும். வாராவிடின் வீட்டு ரௌட்டரிலோ, மோடத்திலோ, கேபிளிலோ குறை உண்டு. இறுதியில் ஒரு தளத்தின் பெயரைக் கொண்டு கேட்க வேண்டும். எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயருக்கு வாராவிடின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் பணியில் பிழை என்று துணியலாம். இவ்வாறு நான்கு வினாக்களால் பிழை உள்ள இடத்தை ஏறத்தாழ அறிந்துவிடலாம். மனம்போனபடி கம்பிகளைப் பிடுங்கி மாட்டுவோன் நாள் முழுவதும் உழைத்தும் காணாததை, முறையறிந்தவன் சில நிமிடங்களில் கண்டுகொள்வான்.

இறுதியாகப் பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் இன்றியமையாதது. ரௌட்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்பொழுது யாவரும் அறிந்த கடவுச்சொல்லோடு வருவது உண்டு. அதனை மாற்றாமல் விடுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் ஏறத்தாழ 60-ஐ மட்டும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே, உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் அடிமைப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அத்தகைய கருவிகள் ஒருங்கே ஏவப்பட்டு, தளப் பெயர்களுக்கு எண் தரும் டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய வலைத்தளங்கள் பல அன்று எட்டாமற் போயின. கருவிகளின் உரிமையாளர்களோ, தம் வீட்டுப் பெட்டி பிறரைத் தாக்கும் படையில் சேர்ந்திருந்ததை அறியவே இல்லை. அந்நிரலை முதலில் உருவாக்கிய மூவரும் இளைஞர்கள். அவர்கள் 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

ஆகவே, ரௌட்டரை இணைத்தவுடன் செய்ய வேண்டியவை சில உள. கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். கருவியின் உள்நிரலை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். ரௌட்டரை இயக்கும் பக்கம் வெளி இணையத்திற்குத் திறந்திராமல் அடைத்தல் வேண்டும். 128 இரும எண்களால் ஆன புதிய முகவரி முறை இன்று பரவி வருகின்றது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பொது முகவரி கிடைக்கும். அப்பொழுது விடுதிக் காப்பாளரின் ஏடு தேவைப்படாது. ஆயின் வாயிற்காவலுக்கென எழுதப்படும் விதிகளின் தேவை முன்னினும் மிகும்.

ஒரு கம்பியும் இரு பெட்டிகளும் சேர்ந்ததே வீட்டு ஆய்வுக்கூடத்தின் இணைப்பு. ஆனால் அக்கம்பி தெருவாரோடு நம்மைப் பிணைக்கின்றது. அதற்கப்பால் உலகோடு பிணைக்கின்றது. அவரவர் முறைக்குக் காத்திருந்து பேசும் மோடமும், உரியவர்க்கு உரியதைச் சேர்க்கும் ரௌட்டரும், கூடி வாழ்வார் கொள்ள வேண்டிய ஒழுங்கையே நமக்குக் காட்டுகின்றன. மிராய் நிரலை எழுதியவரிடமும் அறிவு இருந்தது, பொறுப்பு இல்லை. கற்கும் ஆர்வத்தோடு அப்பொறுப்பையும் சேர்த்துக்கொள்ளும் மாணவனின் ஆய்வுக்கூடம், அவனுக்கும் அவன் வீட்டிற்கும் பயன் தருவதாகும்.